பொடக்காளி வரைக்கும் வராத சூடு

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு மாறிவிடும். அதுவரைக்கும் மழை, மக்காச்சோளத்தில் படைப்புழு, தேங்காய் விலை என்று ஓடிக்கொண்டிருந்தது, "ஏனுங்க, உங்க ஊட்டு சோலார்ல தண்ணி காயுதுங்களா?" என்று திரும்பிவிடும். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டாங்காட்டு பூமி எங்களுடையது. மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தும் அந்தக் கேள்விக்குப் பல பேர் சொல்கிற பதில், "எங்கீங்க, வெதுவெதுன்னுதான் வருது" என்பதுதான்.

இந்த வெதுவெதுப்பைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். நம் ஊர் சோலார் ஹீட்டர்களில் வெயிலைப் பிடிப்பதில் பெரிய குறை இல்லை. பிடித்த சூட்டைக் குளிக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் குறை. பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சாளை. முன்னால் வாசல், ஒரு பக்கம் கட்டுத்தரை, பின்னால் பொடக்காளி. பொடக்காளி என்றால் வீட்டுக்குப் பின்பக்கம் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற இடம். பழைய காலத்தில் நாலு தென்னந்தடுக்கும் ஒரு துவைக்கிற கல்லும்தான். இப்போது எங்கள் வீட்டில் அதைக் கான்கிரீட் கூரை போட்ட குளியலறையாகக் கட்டியிருக்கிறோம். ஆனால் இடம் மாறவில்லை. குளித்த தண்ணி தென்னைக்குப் போக வேண்டும் என்பதால் வீட்டை விட்டு எட்டத்தான் இருக்கிறது.

சோலார் வருவதற்கு முன்னால் காலை நாலரைக்கு அம்மா எழுந்து பொடக்காளி அடுப்பை மூட்டுவார். தென்னை மட்டை, பாளை, வேலிக்காத்தான் விறகு. அண்டாவில் தண்ணி காய்ந்தால்தான் பால் கறக்கப் போவதற்கு முன் கைகால் கழுவ முடியும், கறந்து வந்து குளிக்க முடியும். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பக்கெட் குளிக்க 100 லிட்டர் தண்ணி. அதை 26 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஒன்றரை யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் மேலான வெப்பம் போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவிலேயே நாலு யூனிட்டுக்கு மேல் வெப்பம் இருக்கிறது. ஆனால் மூணு கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மிச்சமெல்லாம் காற்றுக்கும் புகைக்கும். அதனால் தினமும் நாலு கிலோ விறகு. மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு மட்டும் கால் டன்னுக்குக் கிட்டே. அதைப் பொறுக்கி, வெட்டி, நனையாமல் அடுக்கி, ஊதி எரிக்கிற வேலை எல்லாம் அம்மாவுடையது. அம்மாவுக்கு இப்போது 71 வயது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் 100 லிட்டர் சோலார் வாங்கி மொட்டை மாடியில் வைத்தோம். 15 கண்ணாடிக் குழாய் உள்ள மாடல். சித்திரை, வைகாசியில் கை வைக்க முடியாத சூடு. அப்போது சுடுதண்ணி யாருக்கு வேண்டும்? மார்கழி வந்ததும் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணி வந்துகொண்டே இருக்கும். அம்மா அரை பக்கெட் வரைக்கும் பிடித்துப் பிடித்துத் தென்னை மரத்தடியில் கொட்டுவார். அப்புறம் வருகிறதும் சுமாரான சூடு. இரண்டாவது மார்கழியில், "இதுக்கு அடுப்பே தேவலை கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி மட்டையைப் பற்ற வைத்துவிட்டார். மாடியில் ஆயிரக்கணக்கில் காசு போட்டு ஒரு மெஷின், கீழே அதே புகை. அம்மாவின் கண்ணெரிச்சலும் இருமலும் அப்படியேதான் இருந்தது.

விற்பனைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வந்து பார்த்தார். "அண்ணா, அஞ்சு பேருக்கு 100 லிட்டர் பத்தாதுங்க. 200 போட்டுக்குங்க. இல்லீன்னா கரண்டு காயில் வெச்ச மாடல் இருக்குது" என்றார். பெரிதாக வாங்கினால் சரியாகிவிடுமா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு, அளந்து பார்ப்பது. பால் சொசைட்டியில் பாலின் சூட்டைப் பார்க்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. குழாய்க்காரத் தம்பியை வைத்து மாடியில் தொட்டியை ஒட்டியே ஒரு டேப்பு மாட்டினேன்.

மார்கழியில் ஒரு தெளிவான நாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணி 58 டிகிரி. மறுநாள் விடியற்காலை 54. ராத்திரி முழுக்க நாலு டிகிரிதான் இறங்கியிருந்தது. தொட்டியைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குக் கெட்டி நுரை அடைத்திருக்கிறார்கள், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கண்ணாடிக் குழாயும் தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்புறம் எங்கே போச்சு சூடு?

பொடக்காளிக்கு வந்து குழாயைத் திறந்து லிட்டர் படியில் பிடித்தேன். சூடு தட்டுவதற்கு முன்னால் ஆறரை லிட்டர் பச்சைத்தண்ணி வந்தது. மாடியிலிருந்து இறங்கி, சுவரோரமாகச் சுற்றி, பின்னால் வருகிற குழாய் 15 மீட்டர். பிரஷர் வேண்டும் என்று ஒரு இஞ்ச் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு இஞ்ச் சி.பி.வி.சி. குழாய் மீட்டருக்கு 430 மில்லி பிடிக்கும். 15 மீட்டருக்கு ஆறரை லிட்டர். கணக்கு நேராக இருக்கிறது.

இப்போது குளியல் கணக்கைப் பாருங்கள். 54 டிகிரித் தண்ணியையும் 26 டிகிரிப் பச்சைத்தண்ணியையும் பாதிக்குப் பாதி கலந்தால் 40 டிகிரி. குளிக்கச் சரியான சூடு. ஆக 20 லிட்டர் பக்கெட்டுக்குத் தொட்டியிலிருந்து வேண்டியது பத்தே லிட்டர். அந்தப் பத்து லிட்டரை வாங்க ஆறரை லிட்டரைக் கீழே விடுகிறோம். கீழே விடுவது பச்சைத்தண்ணிதானே என்று தோன்றும். அது போன தடவை குளித்தவர் குழாயை மூடியபோது உள்ளே நின்று ஆறிப்போன சுடுதண்ணி.

எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் குளிக்கிறோம். அம்மா விடியற்காலையில், நான் பால் ஊற்றிவிட்டு வந்து, பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால், வீட்டுக்காரம்மா எல்லாரும் போன பிறகு. ஒவ்வொரு இடைவெளியிலும் குழாய் முழுக்க ஆறிவிடும். ஐந்து தடவைக்கு 32 லிட்டர். 100 லிட்டரில் குளித்தது 50, குழாயிலேயே செத்தது 32. எடுக்க எடுக்கத் தொட்டியின் அடியில் பச்சைத்தண்ணி புகுந்து கலந்துகொண்டே இருக்கும், அதனால் கடைசியில் குளிக்கிறவருக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும். 15 கண்ணாடிக் குழாயில் ஐந்தைக் கழற்றி மூலையில் வைத்ததற்குச் சமம் இது. 200 லிட்டர் தொட்டி வாங்கியிருந்தாலும் முதல் ஆறரை லிட்டர் பச்சையாகத்தான் வந்திருக்கும்.

இந்த 32 லிட்டரை வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 11,000 லிட்டருக்கு மேல். ஒரு லாரித் தண்ணி. எங்களுக்காவது தென்னைக்குப் போகிறது. அதையும் ஆழத்திலிருந்து மோட்டார் போட்டு ஏற்றி, வெயிலில் காய வைத்து, ஆற வைத்துத்தான் தென்னைக்கு ஊற்றுகிறோம்.

நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதே மாதிரி ஒரு பாடம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-ல் சோலார் ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். கருப்படித்த தண்ணித் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் வைத்தது. பகலில் நன்றாகக் காய்ந்தது, கலிபோர்னியாவில் நன்றாக விற்றது. ஆனால் காய்கிற இடமும் தண்ணி நிற்கிற இடமும் ஒன்றே என்பதால் ராத்திரியில் ஆறிப்போகும். 1909-ல் வில்லியம் பெய்லி என்பவர் இரண்டையும் பிரித்தார். வெயில் வாங்குகிற பாகம் தனி, சுற்றிலும் சூடு போகாமல் அடைத்த தொட்டி தனி. அதற்கு அவர் வைத்த பெயரே 'பகலும் இரவும்'. அதற்கப்புறம் கெம்பின் மாடல் நிற்கவில்லை. வெயிலை அதிகமாகப் பிடித்து அவர் ஜெயிக்கவில்லை, பிடித்ததை விடாமல் வைத்துத்தான் ஜெயித்தார். இன்றைக்கு நம் மாடியில் இருப்பதும் அதே வழியில் வந்ததுதான். தொட்டி வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டார். தொட்டியிலிருந்து பொடக்காளி வரைக்கும் நாம்தான் பார்க்க வேண்டும்.

பட்டணத்து வீடுகளில் குளியலறைக்கு நேர் மேலே சோலாரை வைத்தால் குழாய் நாலைந்து மீட்டரில் முடிந்துவிடும். அதே பழக்கத்தில் கிராமத்துக்கு வந்து மாடி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். பொடக்காளி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் சோலாரையே பொடக்காளிக் கூரைக்கு மாற்றினோம். தொட்டி, தண்ணி, ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒன்றரை குவிண்டாலுக்கு மேல் கனம் வரும். கான்கிரீட் கூரை தாங்கும். சிமெண்ட் ஷீட் கூரை என்றால் பக்கத்தில் தூண் எழுப்பித்தான் வைக்க வேண்டும். பச்சைத்தண்ணித் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வாய் அந்தப் பச்சைத்தண்ணித் தொட்டியையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டு மாடியில் ஏற்கெனவே மேடை கட்டித் தொட்டி வைத்திருந்ததால் எங்களுக்கு இரண்டும் சரியாக வந்தது. இப்போது நீளமான குழாய் பச்சைத்தண்ணிக் குழாய். அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சுடுதண்ணிக் குழாய் மூன்றே மீட்டர், அதுவும் முக்கால் இஞ்ச். மீட்டருக்கு 260 மில்லி. மொத்தமே முக்கால் லிட்டர்தான். ஒரு செம்புத் தண்ணி போனதும் சூடு வந்துவிடுகிறது.

கழற்றி மாட்டுகிற வேலையை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ செய்ய வேண்டும். வெயிலில் தண்ணி இல்லாமல் நிற்கிற கண்ணாடிக் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத்தண்ணி பட்டால் படார் என்று வெடிக்கும். எங்கள் குழாய்க்காரத் தம்பி விடியற்காலையிலேயே கழற்றி, கண்ணாடிகளை வேப்பமர நிழலில் சாக்கு போட்டு மூடி வைத்தான். பொழுது போய் மாட்டி, இருட்டினதும் தண்ணி விட்டான்.

சோலாரையே நகர்த்த முடியாதவர்கள் குழாய்க்கு உறை போடலாம். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டுகிற கருப்பு நுரை ரப்பர் உறை கடையில் கிடைக்கும். வெயில் பட்டால் அது பொரிந்து உதிரும், மேலே அலுமினிய டேப் சுற்ற வேண்டும். உறை போட்டாலும் ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் சூடு நிற்காது, அப்படி எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் குளித்து அடுத்தவர் போவதற்குள் ஆறாமல் இருந்தால் போதும், அதற்குத்தான் உறை.

காசே இல்லாத வழி ஒன்று உண்டு. அடுத்தடுத்துக் குளிப்பது. குழாய் ஒரு தடவை சூடானால் ஐந்து பேருக்கும் அதே சூடு. எங்கள் வீட்டில் பாதிதான் நடக்கிறது. பிள்ளைகள் இருவரையும் ஒருவர் பின்னால் ஒருவர் போக வைக்க முடிந்தது. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "எல்லாரும் பொறப்பட்ட பொறவுதான் எனக்கு நிம்மதியாக் குளிக்க முடியும், உங்க தெர்மாமீட்டருக்காவ நான் ஓட முடியாதுங்க" என்றார். நியாயம்தானே.

வெயில் பிடிக்கிற பக்கத்திலும் சின்னச் சின்ன வேலைகள் உண்டு. எங்கள் ஊர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழி முதல் வாரத்தில் உச்சிப்பொழுதுக்குக்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆனி மாதத்தில் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். நமக்குச் சுடுதண்ணி வேண்டியது மார்கழியில்தான். அதனால் சோலார் நேர் தெற்கே பார்த்துக் கொஞ்சம் செங்குத்தாகவே, 25 டிகிரி போல, சாய்ந்திருப்பது நல்லது. கோடையில் கொஞ்சம் குறைவாகக் காயும், காயட்டும்.

நிழலைப் பார்க்கிறவர்கள் வெயில் காலத்தில் பார்த்துவிட்டு "இங்க நெழலே உழுகாதுங்க" என்பார்கள். மார்கழியில் பார்க்க வேண்டும். தெற்கே 20 அடி உயர மரம் இருந்தால் அன்றைக்கு உச்சிப்பொழுதில் வடக்கே 14 அடிக்கு நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கு அதைவிட நீளம். எங்கள் பொடக்காளிக்குத் தெற்கே ஒரு வேப்பமரம். வெட்ட அம்மா விடவில்லை. "உங்கப்பன் வெச்ச மரம், கொப்பு வேணாக் கழிச்சுக்க" என்றார். கார்த்திகையில் கொப்பைக் கழித்து ஆட்டுக்குப் போடுகிறோம். பங்குனிக்குள் மறுபடி தழைத்துவிடும், அப்போது நிழல் நமக்கே வேண்டும்.

கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதல்லவா, அதன் வழியாக விழுகிற வெயில் தரையில் வீணாகிறது. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அதில் ஒரு பங்கு திரும்பிக் குழாயின் அடிப்பக்கத்தில் படும். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற அதே சுண்ணாம்பு, இரண்டு கை. டிராக்டர் போகிற மண் ரோடும் கோழிப் பண்ணையும் பக்கத்தில் இருப்பதால் வாரம் ஒரு தடவை விடியற்காலையில் கண்ணாடியைத் துடைக்கிறோம். துடைக்கும்போது குழாய்களின் நுனியைப் பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குழாய் தண்ணியைக் காய வைப்பதைவிட ஆற வைக்கிற வேலையைத்தான் செய்யும். அதை மட்டும் மாற்றிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி எங்கள் சப்பைத் தண்ணி. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 600 வரைக்கும். எங்கள் பக்கத்துப் போர்களில் பலது அந்த 600-ஐயும் தாண்டும். சோறு வடித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் பத்துப் பிடிக்குமே, அதேதான் சோலாருக்குள்ளும் பிடிக்கும். சூடு ஏற ஏற அதிகமாகப் பிடிக்கும். செம்புக் குழாய் வைத்த பழைய தகடு மாடலில் இது குழாயையே அடைத்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் கழற்றினபோது பார்த்தேன், சுண்டுவிரல் போகிற ஓட்டையில் ஈர்க்குச்சிதான் போனது. செம்பு சூட்டைக் கடத்துகிறதில் இந்தச் சுண்ணாம்புப் பத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கடத்தாது.

கண்ணாடிக் குழாய் மாடலில் உப்பு அடியில் இறங்கி மண் மாதிரித் தங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ராத்திரியில் வடிகால் வால்வைத் திறந்து தொட்டியின் அடியில் இருப்பதை வெளியே விட வேண்டும். வருஷம் ஒரு தடவை குழாய்களைக் கழற்றி அலச வேண்டும். இதையெல்லாம் விட நல்லது, சோலாருக்குள் நல்ல தண்ணி விடுவது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் தண்ணி. தினம் 100 லிட்டர் என்றாலும் ஒன்பது நாளைக்கு வரும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து சோலாருக்கு மட்டும் தனிக்குழாய் கொடுத்திருக்கிறோம். தை பாதி வரைக்கும் தாங்குகிறது. சோப்பும் நுரைக்கிறது.

சித்திரை வந்தால் கண்ணாடிக் குழாய்களில் பாதிக்குப் பழைய சாக்கைப் போட்டுக் கட்டிவிடுவோம். தேவைக்கு மேல் கொதித்தால் உப்புத்தான் அதிகமாகப் படியும். ஊருக்குப் போகிற நாட்களிலும் அப்படித்தான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சூடு ஆறி ஆறி வந்ததால் பயமில்லை. இப்போது குழாயைத் திறந்ததும் தொட்டிச் சூடு அப்படியே வருகிறது. 60 டிகிரித் தண்ணி ஐந்தாறு நொடி பட்டாலே தோல் வெந்துவிடும். பெரியவர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணியைப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் சுடுதண்ணியைத் திறக்க வேண்டும். பொடக்காளிச் சுவரில் இதைச் சுண்ணாம்பால் எழுதியே வைத்திருக்கிறேன்.

மாற்றி வைத்து மூன்று குளிர்காலம் ஆகிறது. அதே 100 லிட்டர் தொட்டி, அதே 15 குழாய். ஐந்து பேர் குளித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அதில் பால் பாத்திரங்களைக் கழுவுகிறோம். பாலில் இருக்கிற கொழுப்புப் பிசுக்கு பச்சைத்தண்ணியில் போகாது. முதலில் பச்சைத்தண்ணியில் அலசிவிட்டு, அப்புறம் சோப்பும் சுடுதண்ணியும் போட்டால்தான் போகும். முன்பு இதற்கு மட்டும் தனியாக ஒரு குண்டா காயும். இப்போது இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. முதல் பத்து நாள் நம்பவே இல்லை. அடுப்பில் மட்டையை அடுக்கி, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து பார்ப்பார். சூடு வந்தால் தீப்பெட்டியை மாடத்தில் திருப்பி வைப்பார். இப்போது அந்த மட்டையெல்லாம் மூடாக்காகத் தென்னந்தோப்புக்கே போகிறது. மேகமூட்டமாக நாலு நாள் இருந்தால் மட்டும் அடுப்பு எரியும். அந்த நாலு நாளுக்காகப் பெரிய தொட்டியோ கரண்டு காயிலோ வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். "அடுப்ப இடிச்சுப்போடாத. மானம் மூடுனா அதுதான் சோறு போடும்" என்றார். இடிக்கவில்லை.

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாளைக் காலையில் முதல் ஆளாகக் குளிக்கப் போகும்போது சுடுதண்ணிக் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். சூடு வருகிற வரைக்கும் எவ்வளவு பிடித்தது என்று பாருங்கள். மாடி சோலாரிலிருந்து மூன்று மாடி இறங்கி வருகிற குழாய் என்றால் எங்களுடையதைவிட அதிகமாகவே இருக்கும். அந்தத் தண்ணியை வீட்டில் இருக்கிற ஆட்களால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் தொட்டி தினமும் இழக்கிற சுடுதண்ணி. ஒரு லிட்டருக்குள் என்றால் உங்கள் சோலாரில் ஒரு குறையும் இல்லை. ஐந்து லிட்டருக்கு மேல் என்றால், புதுசு வாங்குகிற யோசனையைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள். அவரிடம் முதலில் குழாயின் நீளத்தைக் கேளுங்கள். லிட்டர் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பிடித்த தண்ணியைக் கொட்டிவிடாதீர்கள். துணி துவைக்கவோ செடிக்கோ ஆகும்.